தாஹிராக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த மருந்து

ரோஸ்மேரி பேகம்பூரில் அந்தக் காம்பவுண்டுக்குக் குடிவந்தபோது மகள் டெய்சி கைக்குழந்தை. ராத்திரியெல்லாம் அழும். பகலில் கண்ணயர்ந்தால்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டுத் தாஹிராக்கா, ஊரில் இருக்கும் பிரியாணிக் கடைகளுக்கு இஞ்சி பூண்டு விழுது அரைத்துக் கொடுக்கிறவர். அவருடைய பெரிய கிரைண்டர் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. அது ஓட ஆரம்பித்தால் ரோஸ்மேரி வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுக்கும்.

ஆனால் டெய்சி தூங்குகிற நேரத்தில் அது ஓடியதே இல்லை. ஏதோ தன் நல்ல காலம் என்று ரோஸ்மேரி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விழுது வாங்க வந்த கடை ஆள் வாசலில் நின்று இவளைப் பார்த்துப் புலம்பினார்.

“ஏம்மா, ஒங்க புள்ள எப்பத்தான் முழிக்கும்? அது தூங்கி எந்திரிச்சாத்தான் எங்க கடையில தாளிக்கவே முடியுது.”

உள்ளேயிருந்து, “ஏலே, வாய மூடிக்கிட்டு வாளியத் தூக்கு” என்று ஒரு அதட்டல் வந்தது. ரோஸ்மேரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நன்றி சொல்லப் போனாள். தாஹிராக்கா பூண்டு உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “என்னத்துக்கு நன்றி? எனக்கும் அந்நேரம் செத்த நேரம் படுக்கணும்ல” என்றார். அவர் பகலில் படுத்ததை அந்தக் காம்பவுண்டில் யாரும் பார்த்ததில்லை.

தாஹிராக்காவின் வீட்டுக்காரர் முகமது யாசின், தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தவர். உப்பிலும் சுண்ணாம்பிலும் நின்று நின்று கால் பாதமெல்லாம் வெடித்துப்போயிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் இஃப்பத்தைச் சித்தையன்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகள் போன பிறகு அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. சமைத்ததில் பாதி பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம், சுண்டல் செய்தால் ஒரு கிண்ணம். தவக்காலத்தில் மட்டும் கறி வாசம் வராத வெஞ்சனமாகப் பார்த்துக் கொண்டுவருவார். “ஒங்க நோம்பு எங்க நோம்பு மாதிரி இல்லையாம்ல, ஒம் புருஷன் பாஸ்கல் தம்பி சொன்னுச்சு” என்பார்.

ரோஸ்மேரிக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர். யாருக்கும் மறுப்புச் சொல்லிப் பழகாதவள். புருஷன் பாஸ்கல் நூல் மில்லில் ஷிப்டு வேலை. “பசிக்கலக்கா” என்று சொல்ல வராமல், சாப்பிட்ட வயிற்றோடு இரண்டாவது முறை சாப்பிட்டுவிட்டு உருண்டுகொண்டு கிடப்பாள். பாஸ்கல் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.

டெய்சிக்கு நாலு வயது நடந்தபோது சளி பிடித்தது. சளி போன பிறகு காய்ச்சல் வந்தது. காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு நாள் காலையில் தலையணையில் மஞ்சளாக ஈரம் இருந்தது. ரோஸ்மேரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தை டாக்டர் சுகன்யாவிடம் ஓடினாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“உள்ள சீழ் புடிச்சிருக்கும்மா. கிருமி. இதுக்கு ஆன்டிபயாட்டிக் குடுக்கணும். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. காய்ச்சல் விட்டுட்டாலும் நான் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க, பாதியில நிறுத்தாதீங்க. கேக்கலைன்னா பாட்டிலோட வாங்க.”

அது பொடியாக வருகிற மருந்து. மருந்துக்கடை ஜெகபர் அலி பாட்டிலைக் கையில் கொடுத்து, “காய்ச்சி ஆறுன தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் ஊத்தி, நல்லாக் குலுக்கிக் குடுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கணும், அட்டையில போட்டிருக்கு பாருங்க” என்றார். பின்னால் கூட்டம். ரோஸ்மேரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தாஹிராக்கா வீட்டில்தான் உண்டு, விழுது வைக்கிற பெரிய ஃபிரிட்ஜ். கேட்கப் போனாள். அக்கா டெய்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உதடு எதையோ ஓதியது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய கையடக்கமான ஒரு பாட்டிலை எடுத்துவந்தார்.

“எந் தம்பி மெக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்தப்ப குடுத்தது ரோஸு. ஜம்ஜம் தண்ணி. இதான் கடைசி. இத ஊத்தி மருந்தக் கலக்கு. இதவிட நல்ல தண்ணி எங்க இருக்கு?”

ரோஸ்மேரி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்குத் தெரியும், அக்கா ஒரு முறை சொல்லியிருக்கிறார்: உயிர் பிரிகிற நேரத்தில் தன் வாயில் ஊற்றுவதற்காக வைத்திருந்த தண்ணீர் அது. ‘கடைக்காரர் காய்ச்சின தண்ணி என்றாரே’ என்று ஒரு நினைப்பு ஓடியது. ‘மெக்காவிலிருந்து வந்த தண்ணீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதா?’ என்று அடுத்த நினைப்பு அதை அமுக்கிவிட்டது. தன் வீட்டில் வேளாங்கண்ணித் தீர்த்தத்தை எப்படி வைத்திருப்பாளோ அப்படித்தான் இதையும் நினைத்தாள்.

தண்ணீர் கோட்டைத் தொட்டது. அக்கா கொடுத்த பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரை மிச்சம் வைப்பதா, கீழே கொட்டுவதா? முழுவதையும் ஊற்றினாள். பாட்டில் கழுத்து வரை நிறைந்தது. பிறகு குலுக்க வேண்டும். அதற்கும் கை வரவில்லை. ஆலயத்தில் தீர்த்தக் கிண்ணத்தை ஏந்துவது போல மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தினாள். சிலுவை போட்டாள். ஒரு மூடி அளந்து கொடுத்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். காலையிலும் சாயங்காலத்திலும் அக்கா வீட்டுக்குப் போவாள், பாட்டிலை அசைக்காமல் எடுப்பாள், அளந்து கொடுப்பாள், அசைக்காமல் வைப்பாள். காய்ச்சல் விடவில்லை. காதில் ஒழுகுவதும் நிற்கவில்லை. டெய்சி இட்லியைக்கூட மெல்ல முடியாமல் துப்பினாள். தாஹிராக்கா ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்தினார். ரோஸ்மேரி ஜெபமாலையை விடவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனாள்.

“சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் குடுத்தீங்களா?”

“குடுத்தேன் டாக்டர்.”

“மூடியில அளந்துதானே? வீட்டு ஸ்பூன்ல இல்லையே?”

“மூடியிலதான்.”

“என்ன தண்ணி ஊத்துனீங்க?”

ரோஸ்மேரிக்கு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மா அக்காவின் தண்ணீரைக் குறை சொல்லுவார். அது அக்கா காதுக்குப் போகும். தன் மவுத்துக்கு, கடைசி நேரத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்த மனுஷி.

“காய்ச்சி ஆறுன தண்ணிதான் டாக்டர்.”

டாக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

“அப்ப இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படல. காதுக்குப் பின்னாடி எலும்புக்குப் பரவ விட்டுறக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருவோம். ஊசி வழியா வேற மருந்து ஏத்தணும்.”

அவர் எழுத ஆரம்பித்தார். டெய்சி மடியில் கிடந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் புறங்கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருப்பது ரோஸ்மேரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மாதாவே என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுந்தது.

“டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்.”

பேனா நின்றது. ரோஸ்மேரி எல்லாவற்றையும் சொன்னாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள், அப்போதும் அசைக்காமல்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு.

“மருந்து பூராம் இங்க கெடக்கும்மா. நீங்க மேல இருக்க தண்ணியத்தான் குடுத்திருக்கீங்க. அதுவும் கோட்டுக்கு மேல ஊத்துனது, இன்னும் நீர்த்துப்போச்சு. இப்படியே அடிவரைக்கும் போயிருந்தா, கடைசியில ஒரே மூடியில அளவுக்கு மீறின மருந்து போயிருக்கும்.”

“தண்ணியில குத்தமா டாக்டர்?”

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டவர் போல நிதானமாகப் பேசினார்.

“ஒங்க அக்கா அன்பாத்தான் குடுத்திருக்காங்க. அத டம்ளர்ல ஊத்திப் பெரியவங்க குடிக்கலாம். புள்ள மருந்துக்கு மட்டும் காய்ச்சி ஆறுன தண்ணி. எத்தன நாளா மூடி வச்சிருந்ததோ, அதுல என்ன இருக்குமோ நமக்குத் தெரியாதுல்ல. சரி, நல்ல வேளை சொன்னீங்க. ஆஸ்பத்திரி இப்ப வேணாம். புது பாட்டில் வாங்கி சரியாக் கலந்து ஆரம்பிங்க. நாளன்னைக்கு என்ட்ட காட்டுங்க. இடையில புள்ள சோர்ந்து போனாலோ, காதுக்குப் பின்னாடி வீங்குனாலோ, காத்திருக்காம ஒடனே வாங்க.”

பழைய பாட்டிலை டாக்டரே வாங்கிக்கொண்டார். ரோஸ்மேரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். “அத சாக்கடையில ஊத்திற மாட்டீங்களே டாக்டர்?” என்றாள். மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் படி இறங்கினாள்.

ஜெகபர் அலி இந்த முறை அவசரப்படவில்லை. பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிரியாக்கிக் காட்டினார். “மொதல்ல பாதி தண்ணி. மூடிப்போட்டு நல்லாக் குலுக்குங்க. அப்புறம் கோடு வரைக்கும். நுரை அடங்குனதும் பாருங்க, கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா கோடு வரைக்கும் இன்னும் கொஞ்சம். அதோட சரி. ஒவ்வொரு வாட்டியும் குடுக்குறதுக்கு முன்னாடி குலுக்கணும்.”

இனி அந்தப் புது பாட்டில் போக வேண்டியது அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்குத்தான். பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் வழியாக நடந்து வரும்போது ரோஸ்மேரி அக்காவிடம் சொல்ல வேண்டியதை யோசித்தாள். என்ன சொல்வது? கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? ஒரு பொய்க்கே பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகப் பார்த்தது.

தாஹிராக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கண் பாட்டிலுக்குப் போனது.

“என்ன ரோஸு, புதுசா இருக்கு? பழசு என்னாச்சு?”

ரோஸ்மேரி சொன்னாள். தன் கை குலுக்க வராததையும், மிச்சம் வைக்க மனம் வராததையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். அக்கா அப்படியே உரித்த பூண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“யா ரப்பே! இம்புட்டு நாளா புள்ள பட்ட வேதனையெல்லாம் என்னாலயா?”

“இல்லக்கா, நாந்தான்…”

“நாந்தானே கலக்கச் சொன்னேன்.”

“ஒங்க கடைசி நேரத்துக்கு வச்சிருந்தத வாங்கி வீணடிச்சிட்டேன்க்கா” என்று ரோஸ்மேரி அழுதுவிட்டாள்.

தாஹிராக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏ புள்ள, எனக்கு அல்லா வேற தண்ணி குடுப்பான். ஒம் மகளுக்கு வேற காது குடுப்பானா? எந்திரி, போயி தண்ணியக் கொதிக்க வையி.”

தண்ணீர் ஆறும் வரை இருவரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கலக்கும்போது அக்கா குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “போதும், போதும், நிறுத்து” என்றார். ரோஸ்மேரி அப்போதே நிறுத்திவிட்டிருந்தாள்.

மருந்து கொடுக்கும்போது டெய்சி வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அக்கா பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து மூக்கைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார். “இஃப்பத்துக்கெல்லாம் இப்படித்தான் ஊத்துனோம். தானா வாயத் தொறக்கும் பாரு.”

ரோஸ்மேரி டெய்சியின் முகத்துக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

“வேணாங்க்கா.”

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் காம்பவுண்டுக்கு வந்த நாளிலிருந்து ரோஸ்மேரி அவரிடம் சொன்ன முதல் ‘வேணாம்’ அது.

“புரையேறிரும்க்கா. நிமித்தி ஒக்கார வச்சு, கன்னத்து ஓரமா கொஞ்சங் கொஞ்சமா ஊத்தலாம்.”

சொல்லிவிட்டு அவள் தலை குனிந்தாள். தாஹிராக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அப்படிச் சொல்லு! இத அன்னைக்கே தண்ணி குடுத்தப்ப சொல்லியிருந்தா என்னடி?”

டெய்சிக்குச் சிரிப்பு ஏன் என்று புரியவில்லை. ஆனால் அவளும் சிரித்தாள். வாய் திறந்தது. மருந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு காம்பவுண்டில் புது வழக்கம் ஒன்று வந்தது. ரோஸ்மேரி பாட்டிலை எடுக்கப் போனால் உள்ளேயிருந்து குரல் வரும்: “குலுக்குனியா ரோஸு?” கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு மேலே வரும். தொழுகை முடித்து சலாம் கொடுத்த கையோடு வரும். பாட்டிலைக் குலுக்குவது டெய்சியின் வேலை என்று ஆனது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானும் சேர்ந்து குதிப்பாள். யாசின் பாய்கூட ஒரு நாள் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், “புள்ள குலுங்குதா, பாட்டில் குலுங்குதா?” என்று கேட்டார். அவர் அந்த வாரத்தில் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

டாக்டரிடம் காட்டப் போன நாளிலேயே காய்ச்சல் இறங்கியிருந்தது. காது ஒழுகல் மெல்லக் குறைந்தது. நடுவில் ஒரு நாள் பிள்ளைக்கு வயிறு இளகியது. ரோஸ்மேரி பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டாள். “சில புள்ளைகளுக்கு அப்படி இருக்கும். நீராகாரமாக் குடுங்க, மருந்த விடாதீங்க. ஒடம்புல தடிப்புத் தடிப்பா வந்தாலோ, மூஞ்சி வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ மட்டும் நிறுத்திட்டு ஒடனே ஓடி வரணும்” என்றார். தாஹிராக்கா அன்று டெய்சியின் சட்டையைத் தூக்கி முதுகை எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை. ஒன்றும் வரவில்லை.

பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் பாஸ்கல், “அதான் நல்லாயிருச்சுல்ல. இன்னும் எதுக்கு மருந்த ஊத்திக்கிட்டு?” என்றான்.

“தம்பி, நீ மில்லுல பாதி ஷிப்டுல எந்திரிச்சு வந்துருவியா?” என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்தார்கள்.

முடிந்த பிறகும் பாட்டிலில் கொஞ்சம் மிஞ்சியது. மாடி வீட்டுப் பேச்சிமுத்து தன் மகனுக்குச் சளி என்று கேட்டு வந்தார். தாஹிராக்கா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ரோஸ்மேரி முந்திக்கொண்டாள்.

“இல்லண்ணே, இது டெய்சி எடைக்கு, டெய்சி காதுக்குக் குடுத்தது. ஒங்க பையன டாக்டர்ட்ட காட்டுங்க. சளிக்கு இது தேவையே இல்லாம இருக்கும்.”

“ஒரு மூடி மருந்துக்கு இம்புட்டு கிராக்கியா?” என்று பேச்சிமுத்து முறைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே வந்து தண்ணீர் மோட்டார் போடச் சொன்னார். ரோஸ்மேரிக்கு அது பெரிய ஆச்சரியம். மறுத்துச் சொன்ன பிறகும் ஒரு மனுஷன் திரும்பி வந்து பேசுகிறாரே!

டெய்சி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. மெதுவாகச் சொல்வதைத்தான் நன்றாகக் கேட்கிறாள் என்பது அவள் அம்மாவின் குறை.

யாசின் பாய்க்குக் கால் முடியாமல் போனபோது மகள் இஃப்பத் இருவரையும் சித்தையன்கோட்டைக்கே வரச் சொன்னாள். போனில் பேசிக்கொள்வார்கள். வருகிறேன், வருகிறேன் என்று ரோஸ்மேரி சொல்லிக்கொண்டே இருந்தாள். பாஸ்கலின் ஷிப்டும் பிள்ளையின் பள்ளிக்கூடமுமாகத் தள்ளிப் போனது. போன நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில் இஃப்பத்திடமிருந்து போன் வந்தது. அஸர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்த அக்கா அப்படியே மகள் தோளில் சாய்ந்துவிட்டாராம். ரோஸ்மேரி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அன்று அவள் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றிய மெழுகுவர்த்தியில் ஒன்று தாஹிராக்காவுக்கு.

ஆக, அவரைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது காம்பவுண்டைக் காலி செய்த நாளில்தான். சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி தெருவில் நின்றது. யாசின் பாய் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு கடைசியாக ரோஸ்மேரி வாசலுக்கு வந்தார். டெய்சியின் இரண்டு காதுகளையும் பிடித்து உச்சந்தலையில் முத்தமிட்டார். ரோஸ்மேரி அழுதாள்.

“அழுவாத புள்ள. அடுத்து இந்த வீட்டுக்கு வர்றவளும் நல்லவளாத்தான் இருப்பா. எதையாச்சும் தூக்கிக்கிட்டு வருவா. வேணும்னா வாங்கிக்க, வேணாம்னா சிரிச்ச மொகத்தோட வேணாம்னு சொல்லிரு. அதுக்குக் கோவிச்சுக்கிட்டாள்னா எனக்குப் போன் போட்டுக் குடு, நான் பேசிக்கிறேன்.”